அரைக் கிண்ணம்

என் மனைவி இறந்துபோன பிறகு எங்களுக்குள் ஒரு சண்டைகூட வந்ததில்லை.

அதற்கு முன்னால் சண்டை இல்லாத நாளே கிடையாது. பாத்திரம் பறக்கிற சண்டை இல்லை. இரண்டு பேரும் ஒரே ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தோம். காஞ்சிபுரத்தில் விடியற்காலை வேனில் ஏறினால் கடலோரத்தில் போய் இறங்கும்வரை பேச்சுதான். வாலாஜாபாத் தாண்டுவதற்குள் அது வாக்குவாதமாகிவிடும். செங்கல்பட்டில் ஏறுகிறவர்கள், "இன்னிக்கு இன்னா சார் தலைப்பு?" என்று கேட்டுக்கொண்டே ஏறுவார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவள் அதைக் கண்டுகொள்ளவே மாட்டாள். அதனால் இன்னும் கொஞ்சம் வரும்.

இப்போது அந்த வேனில் அவள் உட்கார்ந்த ஜன்னலோர இருக்கை காலியாகவே போய் வருகிறது. புதிதாக யாராவது உட்காரப் போனால், பின்னாலிருந்து ஒரு கை அவர் சட்டையைப் பிடித்து இழுக்கும். நான் யாரையும் அப்படிச் செய்யச் சொன்னதில்லை. வேண்டாம் என்றும் சொன்னதில்லை. வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம், அவள் முழங்கை இடிக்கும் என்று நான் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்வேன்.

எங்கள் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் எங்களால் ஒழுங்காகச் சொல்ல முடிந்ததில்லை. அணு உலை என்றதும் பாதிப் பேர் பயந்துவிடுவார்கள், மீதிப் பேர் பேச்சை மாற்றிவிடுவார்கள். அவள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். ஈர விறகு அடுப்பு என்பாள். ஊதிக்கொண்டே இருந்தால் எரியும், ஊதுவதை நிறுத்தினால் அணைந்துவிடும். நாங்கள் செய்ய நினைக்கும் உலை அப்படிப்பட்டது. தன்னால் எரியாது. வெளியிலிருந்து நியூட்ரான்களை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத்தான் ஒரு முடுக்கி. அதிலிருந்து புரோட்டான்கள் ஒரு கற்றையாகப் பாய்ந்து வந்து, ஒரு பாத்திரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் உருகிய ஈயமும் பிஸ்மத்தும் கலந்த குழம்பைத் தாக்கும். தாக்கிய இடத்திலிருந்து நியூட்ரான்கள் சிதறும். அந்தப் பாத்திரத்துக்குத்தான் டார்கெட் என்று பெயர். உள்ளங்கை அகலத்தில் அவ்வளவு சூடும் வந்து இறங்குகிற இடம் அது. சூடு எங்கே இறங்குகிறது, எப்படி வெளியே போகிறது என்று பார்ப்பது என் வேலை. அந்தச் சூட்டில் எஃகு தாங்குமா என்று பார்ப்பது அவள் வேலை.

பாத்திரத்தின் அடியில் கிண்ணம் மாதிரி ஒரு மெல்லிய எஃகு உண்டு. கீழிருந்து வரும் கற்றை அதைத் துளைத்துக்கொண்டுதான் உள்ளே போகும். கிண்ணத்துக்கு மேலே உருகிய உலோகம், கீழே ஒன்றுமில்லாத வெற்றிடம், நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் தடிமனான எஃகு. அது விரிசல் விட்டால் குழம்பு முழுக்கக் குழாய் வழியாக முடுக்கியை நோக்கி இறங்கிவிடும். அதற்குப் பிறகு கதிர்வீச்சால் அந்தப் பக்கம் யாரும் போக முடியாது.

கிண்ணத்தைக் குளிரவைப்பதும் அதே உலோகம்தான். வெளிச்சுற்றில் நாலு பக்கமும் கீழே இறங்கி, கிண்ணத்தின் நடுவில் ஒன்றாகக் கூடி, உள்குழாய் வழியாக மேலே ஏறும். நாலு பக்கமும் வந்து கூடுகிற இடத்தில் ஓட்டம் ஒரு நொடி செத்துப்போகும். ஓடாமல் நிற்கிற உலோகம் சூட்டை எடுத்துப் போகாது. அந்த இடம்தான் கற்றை மிகவும் உக்கிரமாக விழும் இடமும். இந்த ஒரு புள்ளியோடு நான் எத்தனையோ வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

வழி சொன்னவள் அவள். உள்குழாயின் அடிவிளிம்பை நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டலாம் என்றாள். ஒரு பக்கம் தாழ்ந்தும் ஒரு பக்கம் உயர்ந்தும் இருந்தால் ஓட்டம் சமமாகக் கூடாது. ஒரு பக்கத்து ஓட்டம் நடுவைத் தாண்டி அடித்துக்கொண்டு போகும். செத்த இடம் ஓரத்துக்குத் தள்ளப்படும். வேறு நாட்டிலும் இப்படி யோசித்திருக்கிறார்கள், ஆனால் எங்கள் கிண்ணத்துக்கு எவ்வளவு சாய்வு, எந்த வளைவு என்று உட்கார்ந்து வரைந்தவள் அவள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நடுப்புள்ளி குளிர்ந்துவிட்டது. அன்று வேனில் எல்லோருக்கும் நான் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன்.

அவள் மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. "முழுசா பாத்தீங்களா?" என்றாள்.

இந்தக் கேள்வியை அவள் எதற்கும் கேட்பாள். செய்தி சொன்னால் கேட்பாள், கத்தரிக்காய் வாங்கி வந்தால் கேட்பாள். முசரவாக்கத்தில் நிலபுலம் வைத்திருந்த குடும்பத்துப் பெண். எங்கள் நெசவுக்காரத் தெருவுக்கு மருமகளாக வந்த புதிதில், பக்கத்து வீட்டில் என் அண்ணனும் அண்ணியும் நெய்த புடவையை விரித்துப் போட்டு, "இந்தக் கரை மாமா கைப்பட்டது, அந்தக் கரை அக்கா கைப்பட்டது" என்று பிரித்துச் சொன்னாள். கரையைத் தனியாகக் கோர்த்து நெய்கிற கோர்வைத் தறிக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். இரண்டு கரையும் ஒன்று மாதிரிதான் இருக்கும். அண்ணி ஊடுநூல் ஓடும் நாடாவைக் கொஞ்சம் இறுக்கி இழுப்பாள் என்பதை அந்த வீட்டிலேயே பிறந்த நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. நான் கிண்ணத்தை முழுதாகக் கணக்குப் போடவில்லை. யாரும் போடுவதில்லை. சாய்வுக் குழாயை நடுவில் செங்குத்தாக வெட்டினால் இடதும் வலதும் ஒன்று போலவே இருக்கும். ஒரு பாதியை மட்டும் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால் போதும், பாதி நேரத்தில் விடை வரும். பிறகு ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தப் பாதியைத் திருப்பிப் போட்டு முழுக் கிண்ணமாகத் திரையில் காட்டும். ஹாஃப் மாடல் என்போம். அவள் மட்டும் அதை அரைக் கிண்ணம் என்பாள், பிச்சைக்கார வேலை என்கிற தொனியில்.

"நடுவுல வெட்டிட்டீங்கன்னா அந்த வெட்டுதான் சுவரு. இந்தப் பக்கத்து ஓட்டம் அந்தப் பக்கம் போவவே முடியாது. நெஜத்துல அங்க சுவர் இல்லையே. அந்தச் சூடு ஒரு எடத்துல நிக்காது, இங்கியும் அங்கியும் நகந்துக்கினே இருக்கும்."

"ரெண்டு பக்கமும் ஒண்ணுதானம்மா."

"அமைப்பு ஒண்ணு. ஓட்டம் ஒண்ணுன்னு யார் சொன்னா?"

"உன் டிசைனுக்கு நான் வக்காலத்து வாங்குறேன், நீயே அத ஒடைக்கப் பாக்குற."

"என் டிசைன், அதனாலதான் கேக்குறேன்."

இப்படியே பல மாதம் போனது. கடைசியாக இந்தப் பேச்சு ஒரு புதன்கிழமை வேனில் நடந்தது. வாலாஜாபாத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அவள் என்னவோ சொல்ல வாயெடுத்து, தலையைப் பிடித்துக்கொண்டாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறக்கவே இல்லை. எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். பாதி வாக்குவாதத்தில் எழுந்து போய்விட்டாள் என்று கோபம். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று இன்றுவரை தெரியாது.

காரியமெல்லாம் முடிந்து எல்லோரும் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் பேச ஆரம்பித்தாள். உச்சி வெயில். பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. மின்சாரம் போய் விசிறி மெதுவாக நின்றது. "எப்பத்தான் வருமோ" என்று வாய்விட்டுச் சொன்னேன். "வந்துடும்" என்றாள். காதுக்குப் பக்கத்தில், தெளிவாக, அவளுடைய குரல்தான். ஆனால் பயமாக இல்லை. பத்து நிமிடத்தில் மின்சாரமும் வந்தது.

அதன் பிறகு தினமும் பேசினாள். பெரும்பாலும் பகலில், வீடு சூடேறிய நேரத்தில், தறிச் சத்தம் நிற்கும் இடைவெளியில். நான் ஏதாவது சொல்வேன், பதில் வரும். ரசத்தில் உப்பு சரியாக இருக்கிறது என்றால் "சரியாத்தான் இருக்குது" என்பாள். ஆபீஸில் ஒருத்தன் மோசம் என்றால் "அவன் அப்படித்தாங்க" என்பாள். வேனில் ஜன்னல் பக்கம் குனிந்து முணுமுணுப்பேன். எல்லோரும் நாகரிகமாக வேறு பக்கம் பார்ப்பார்கள். நான் யாரிடமும் இதைப் பற்றிப் பேசவில்லை. டாக்டரிடம் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள், அவர் மாத்திரை கொடுத்து அவளை இரண்டாவது முறை அனுப்பிவிடுவார் என்று பயம். அந்த இரண்டு வருடமும் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் யாருக்கும் புரியாது. இருந்தேன்.

இந்த வருடம் கோடையில் டிசைன் பரிசீலனை வந்தது. கிண்ணத்தையும் சாய்வுக் குழாயையும் எஃகில் கடைந்து, உருகிய உலோகச் சுற்றில் பொருத்திச் சோதிக்கப் போகிறோம். அதற்கு முன் வெப்பக் கணக்கு சரி என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். நான் போட்டால் கடைசலுக்குப் போகும். நேராகச் சொல்கிறேன், எனக்கு ஆசையாக இருந்தது. எங்களுக்குக் குழந்தை இல்லை. அவள் கையால் வரைந்த அந்தச் சாய்வு எஃகாக, கையில் எடுத்துப் பார்க்கிற பொருளாக வந்துவிட்டால், அவள் உலகத்தில் ஓரிடத்தில் இருப்பாள் என்று தோன்றியது. "போட்டுடட்டுமா?" என்று கேட்டேன். "போடுங்க" என்றாள்.

பரிசீலனைக்கு முந்தைய வாரம் கத்திரி வெயில் தொடங்கியது. எங்கள் தெருக்கோடியில் ஒரு சின்ன சிவன் கோயில். கத்திரி நாட்களில் லிங்கத்துக்கு மேலே சங்கிலியில் ஒரு தாராபாத்திரத்தைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அடியில் சிறு துளை. அதில் செருகிய தர்ப்பை வழியாகச் சொட்டுச் சொட்டாக நாள் முழுக்கச் சாமி தலையில் தண்ணீர் விழும். பாத்திரம் வற்றக் கூடாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள் முறை. அன்று பூராவும் அந்த வீட்டார் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டு முறையை அவள்தான் பார்ப்பாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, மேலே பாத்திரத்தைப் பார்த்தபடி நிற்பாள். ஆள் நடமாட்டத்திலும் காற்றிலும் சங்கிலி லேசாக ஆடும். சொட்டு ஒருமுறை விழுந்த இடத்தில் மறுமுறை விழாது. "உங்க ஹாஃப் மாடல்ல போட்டா இந்தப் பாத்திரம் ஆடாது இல்ல?" என்று ஒருமுறை அங்கேயே கேட்டாள். சாமி சந்நிதியில் என்ன பதில் சொல்வது. முறைத்தேன்.

இந்த முறை உதவிக்கு அவள் தங்கை வந்தாள். வாலாஜாபாத்தில் அரிசி மில் வைத்திருக்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். காலை பஸ்ஸில் கேரியரோடு வந்து இறங்கி, முந்தானையைச் செருகிக்கொண்டு, மத்தியானம்வரை குடம் குடமாகத் தூக்கினாள். பிறகு வீட்டுக்கு வந்து எனக்கு இலை போட்டாள். சாம்பாரை ஊற்றிக்கொண்டே, ஆபீஸ் எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"திங்கக்கெழம ரிவ்யூ. கையெழுத்து போட்டுடப் போறேன். உங்க அக்காவும் அதான் சொல்றா."

கரண்டி அப்படியே நின்றது. வாய் தவறி வந்துவிட்டது. இரண்டு வருடமாகக் கட்டிக்காத்தது.

"யாரு மாமா?"

மறைக்க முடியவில்லை. பசி வேறு, வெயில் வேறு. "உங்க அக்கா. என்கிட்ட பேசுறா."

அவள் சிரிக்கவில்லை. கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "இன்னா சொன்னா?"

"ஹாஃப் மாடல் போதுமாம். நான் சொல்றதுதான் சரியாம். போடுங்கன்னா."

அவள் நிதானமாகச் சொன்னாள். "மாமா, அக்கா உங்ககிட்ட பேசுறான்னு சொல்றீங்களே, அத நான் நம்புறேன். எங்க அப்பா செத்தப்புறம் எங்க அம்மாவும் அவர்கூட பேசிக்கினுதான் இருந்துச்சு. ஆனா எங்க அக்கா, நீங்க சொன்னத சரின்னு சொன்னான்னு சொல்றீங்க பாருங்க, அத மட்டும் நம்ப மாட்டேன். சின்ன வயசுலேர்ந்து எனக்குத் தெரியாதா? அவ எப்ப மாமா உங்களுக்கு சரின்னு சொல்லிக்கிறா?"

நான் இலையில் சாதத்தைப் பிசைந்தேன்.

"அது எங்க அக்கா இல்ல மாமா. வேற யாரோ."

சாயங்காலக் குடங்களை அண்ணி பார்த்துக்கொள்வதாகச் சொல்ல, தங்கை மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். கதவைச் சாத்திவிட்டுக் கூடத்தில் நின்றேன். வெயிலில் ஓடு பொரிந்துகொண்டிருந்தது. அண்ணன் சாப்பிட்டுப் படுத்துவிட்டான் போல, தறிச் சத்தம் இல்லை. என் வீட்டில் நிற்க எனக்கே கூச்சமாக இருந்தது. கடைசியில் ஒன்று செய்தேன். அவள் உயிரோடு இருந்தபோது என்ன சொன்னாலும் பொறுத்துக்கொள்வாள், முசரவாக்கத்துத் தண்ணீரைக் குறை சொன்னால் மட்டும் பொறுக்கமாட்டாள். அது கல்கண்டு என்பாள். ஒருமுறை என் பெரியப்பா அதை உப்பு என்று சொல்லப்போய், பந்தியிலேயே அவரை ஒரு வழி பண்ணிவிட்டாள்.

"உங்க ஊரு தண்ணி உப்புதான்" என்றேன், காலி வீட்டைப் பார்த்து.

காதுக்குப் பக்கத்தில் பதில் வந்தது. "ஆமாங்க, உப்புதான்."

அவள் குரல்தான். அந்த இழுப்பு, அந்த 'ங்க', எல்லாம் அவளுடையதுதான். ஆனால் அவள் இல்லை. இரண்டு வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது யார்? நான் ஒதுங்கி ஒதுங்கி இடம் விட்டது யாருக்கு? வாசலுக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடவில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருடத்தில் அந்தக் குரல் ஒருமுறைகூட "முழுசா பாத்தீங்களா?" என்று கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

யார் என்பதும் மெல்லப் புரிந்தது. திரையில் நான் தினமும் பார்க்கிற ஆள்தான். பாதிக் கிண்ணத்துக்குக் கணக்குப் போட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தினால் மறுபாதி வந்து ஒட்டிக்கொள்ளும். பார்க்க முழுசாக, அழகாக இருக்கும். ஆனால் அந்தப் பக்கத்தில் கணக்கே கிடையாது. இந்தப் பக்கத்தையே திருப்பிக் காட்டுகிறது. இந்தப் பக்கம் தெரியாத எதுவும் அந்தப் பக்கத்துக்கும் தெரியாது. நான் அவளுடைய குரலை எடுத்து என்னுடைய பேச்சுக்கு மாட்டிவிட்டிருக்கிறேன். அவளைப் பறிகொடுத்தது ஒருமுறை போதாதென்று, அவள் இடத்தில் என்னையே உட்காரவைத்திருக்கிறேன்.

மறுநாள் ஆபீஸ் போனதும் முழுக் கிண்ணத்தையும் கணக்குக்குப் போட்டேன். நடுவில் வெட்டு இல்லை, சுவர் இல்லை, நேரத்தோடு ஓட்டம் எப்படி மாறுகிறது என்பதையும் சேர்த்து. பொதுக் கம்ப்யூட்டரில் எல்லோருடைய வேலையையும் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு அது ஓடியது. பக்கத்து அறைக்காரர் வந்து, "இன்னா சார், கடைசி நேரத்துல?" என்று முகத்தைச் சுளித்தார். எனக்கும் அதே கேள்விதான்.

ஓடிய நாட்களில் வீட்டில் நான் வாயைத் திறக்கவில்லை. ஏதாவது சொன்னால் பதில் வந்துவிடுமோ என்று பயம். வராமல் போய்விடுமோ என்றும் பயம். சூடு நகராமல் நின்றால் கையெழுத்துப் போடலாம், அவள் சாய்வு எஃகாகும், ஆனால் அவள் தப்பு. நகர்ந்தால் அவள் சரி, ஆனால் அவள் வரைந்தது போய்விடும். இரண்டில் எது வேண்டும் என்று யாராவது கேட்டிருந்தால் அழுதிருப்பேன். சமைக்கவும் இல்லை, தெருமுனையில் இட்லி வாங்கித் தின்றேன்.

விடை சனிக்கிழமை வந்தது. விடுமுறை நாள், ஆராய்ச்சிக் கூடத்தில் காவலரையும் என்னையும் தவிர ஆளில்லை. கிண்ணத்தை மேலிருந்து பார்ப்பதுபோல் வைத்து ஓடவிட்டேன். சூடான இடம் சிவப்பாகத் தெரியும். முதலில் அது வெட்டுக்கோடு இருந்திருக்க வேண்டிய இடத்திலேயே நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அசையவில்லை. அவள் தப்பு என்றதும் மனசு எப்படி இறங்கிப்போனது தெரியுமா? அந்த நிமிடம்தான் எனக்கு எது வேண்டும் என்று எனக்கே தெரிந்தது.

பிறகு அது மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. கொஞ்சம் தங்கியது. திரும்பி வந்து, நான் இத்தனை வருடம் சுவர் வைத்திருந்த இடத்தைத் தாண்டி வலப்பக்கம் போனது. அங்கேயும் தங்கியது. மறுபடி கிளம்பியது. யாரோ உள்ளே உலாத்துகிற மாதிரி. நான் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்றுவிட்டேன். அது போய்வரும் இரண்டு ஓரத்திலும் எஃகு மாற்றி மாற்றிச் சூடேறி ஆறும். கம்பியை வளைத்து நிமிர்த்தி வளைத்து நிமிர்த்தி முறிப்போமே, அந்தக் கதைதான். நடுவைக் காப்பாற்றிவிட்டு இரண்டு ஓரத்தையும் பறிகொடுத்திருப்போம்.

திங்கட்கிழமை பரிசீலனையில் படத்தை ஓட்டிக் காட்டி, கையெழுத்துப் போட முடியாது என்றேன். விளிம்பை மறுபடி யோசிக்க வேண்டும், எவ்வளவு காலம் ஆகும் என்று தெரியாது என்றேன். மேஜையைச் சுற்றி யாருக்கும் பிடிக்கவில்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றி, "இத்தன நாளா இல்லாத சந்தேகம் இப்ப எப்படி சார் வந்துச்சு?" என்றார்.

"இருந்தது சார். எனக்கு இல்ல, என் மனைவிக்கு" என்றேன். சாய்வுக் குழாயின் வரைபடம் திரையில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. அவள் போட்ட வளைவு. யாரோ அதை அணைத்தார்கள்.

திரும்பும்போது வேனில் அவள் இருக்கையை யாருக்கும் கொடுக்கவில்லை. அந்த அளவுக்கு நான் திருந்தவில்லை. ஆனால் வளைவுகளில் ஒதுங்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பக்கத்தில் தறி ஓடிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றி, விசிறியைப் போட்டுவிட்டுக் கூடத்தில், அவள் நாற்காலிக்கு எதிரே நின்றேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வாக்குவாதத்தில் அவள் ஜெயித்துவிட்டால் அதற்கு மேல் பேசவே மாட்டாள். பார்த்தீர்களா, சொன்னேனா என்றெல்லாம் கிடையாது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து, பேப்பரை முகத்துக்கு நேராகப் பிரித்துப் பிடித்துக்கொள்வாள். பேப்பர் லேசாகக் குலுங்கும். பின்னால் சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும், அதற்கும் சேர்த்து எனக்குக் கோபம் வரும்.

"நீ சொன்னதுதான் சரி" என்றேன். "நிக்கல. நகருது. உன் டிசைன் போச்சு."

அடுத்த வீட்டில் தறி நின்றது. பாவில் இழை அறுந்திருக்கும். நான் காத்திருந்தேன். "ஆமாங்க" வரவில்லை. "சரிங்க" வரவில்லை. விசிறிச் சத்தத்தைத் தவிர வீட்டில் ஒன்றும் இல்லை. "கேக்குதா?" என்றேன். பதில் இல்லை. அண்ணன் இழையை முடிந்து தறியை மறுபடி ஓட்ட ஆரம்பிக்கும்வரை நின்றுபார்த்தேன். அவள் பேசவே இல்லை.

இரண்டு வருடத்தில் முதல்முறையாக, என் மனைவி நடந்துகொள்வது மாதிரியே இருந்தது.

நாற்காலியில் காலைப் பேப்பர் பிரிக்காமல் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு அவள் இடத்தில் உட்கார்ந்தேன். முகத்துக்கு நேராகப் பிரித்துப் பிடித்தேன். பேப்பர் குலுங்கியது. அன்றைக்குத்தான் நான் அவளுக்காக முழுசாக அழுதேன்.